சுவரோரத்து ஆடு

ஆட்டை இடம் மாற்றிக் கட்டிய அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

அதுவரை அந்த ஆடு என் அறையின் பின்சுவரை ஒட்டி, வேப்பமரத்தடியில்தான் கிடக்கும். சுவரில் முதுகைத் தேய்க்கும். விடியுமுன்னே கத்தும். ஒரு நாள் பிரஸ்ஸிலிருந்து திரும்பி வந்தால் ஆடு வீட்டின் அந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் நிற்கிறது. முளைக்குச்சியையும் பிடுங்கிக்கொண்டு போய் அங்கே அடித்திருக்கிறார்கள். நிழலுக்காக இருக்கும் என்று நினைக்கலாமென்றால் அங்கே நிழலே கிடையாது. ஆமத்தூர் வெயிலில் மரத்தடி ஆட்டை வெட்டவெளிக்கு மாற்றுகிறவர்கள் காரணமில்லாமல் மாற்ற மாட்டார்கள். என்னவோ நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன நடந்தாலும் அந்த அறை என் கையை விட்டுப் போகக் கூடாது. அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

ஏனென்று சொல்கிறேன். அது இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. விருதுநகரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன், அண்ணி, பிள்ளைகள், டிவி, மிக்ஸி, குக்கர், வந்து போகிற உறவு ஜனம். எல்லாச் சத்தமும் எனக்கு ஒரே நேரத்தில், ஒரே அளவில் கேட்கும். மற்றவர்களுக்கு அப்படிக் கேட்பதில்லை என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. யாராவது தோளில் கை வைத்தால் அந்த இடம் மறுநாள்வரை எரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்கிவிட்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வருவேன். 'கெட்டிக்காரிதான், ஆனா ஒரு மாதிரி' என்பார்கள். பிற்காலத்தில் மதுரையில் ஒரு டாக்டர் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். அந்தக் காலத்தில் 'ஒரு மாதிரி'தான் அதற்குப் பெயர்.

அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் ஒருத்தியாக இருக்க முடிகிற இடம் குளியலறை மட்டும்தான். ஈரத் தரையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணி கதவைத் தட்டித் தட்டி அலுத்துப்போனார். கடைசியில் சிவகாசி வேலைக்குப் பக்கமாக இருக்கும் என்று சொல்லி, ஆமத்தூரில் ஒரு அறையை வாடகைக்குப் பார்த்தேன். அண்ணன் சுலபத்தில் விடவில்லை.

"சின்னதா ஒரு பேச்சு வந்தாலும் சரி, மறு பஸ்ஸுல வீட்டுக்கு வந்துரணும். வந்தபெறகு மாப்பிள்ள வீட்டுக்காரக முன்னால மூஞ்சியத் திருப்பக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினேன். அதனால் அந்த அறை போனால் குளியலறை வாளிதான், இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவனின் வீடு.

அறை என்று பெரிதாகச் சொல்கிறேன். ஊர்க் கடைசியில் ஒரு வீடு, அதன் பின்னால் ஒரு காலத்தில் பருத்தி மூட்டை போட்டுவைக்கக் கட்டிய ஒற்றைக் கட்டடம். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு குண்டு பல்பு. வீட்டுக்கார அக்கா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் வேலைக்குப் போகிறவர். அவர் புருஷன் லாரியில் லோடு ஏற்றுகிறவர். கூட அவருடைய தங்கை, அக்காவுக்கு நாத்தனார், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த பெண். வாய் ஓயாது. மூவரும் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள், தூரத்தில் இருந்தே நடத்தினார்கள். அந்தத் தூரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அறைக்குள் நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நான் ஆப்செட் பிரஸ்ஸில் நிறம் பார்க்கிறவள். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை. நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். மயிரிழை விலகியிருந்தாலும் எனக்கு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றே தெரிந்துவிடும். முதலாளி வெளியூர் ஆர்டர்காரர்களிடம், "லென்சு வச்சுப் பாக்குறத விட இது நல்லாப் பாக்கும்" என்று காட்டுவார். அந்த 'இது' நான்தான்.

மெஷினில் புது வேலை ஏற்றும்போது நிறம் சரியாக விழும்வரை நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். பழைய வேலைகளில் கழிந்த தாளையே மறுபடி மறுபடி உள்ளே விடுவார்கள். அதனால் ஒரே தாளில் முருகன் முகம், அதன்மேல் ராக்கெட் லேபிள், அதன்மேல் ஊதுபத்தி அட்டை, அதன்மேல் யாரோ வீட்டுக் கல்யாணம் என்று விழுந்து கிடக்கும். மற்றவர்களுக்கு அது குப்பை. நான் அதைக் கட்டுக்கட்டாகக் கேட்டு வாங்கி அறைக்குக் கொண்டுவருவேன். தரை முழுக்க விரித்துப்போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வேன். எது முதலில் விழுந்தது, எது அதற்கு மேல், எந்த நீலம் எந்த வேலையோடு சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே உரித்து எடுப்பேன். கடைசியில் அடியில் கிடக்கிற முதல் படம் தனியாகத் தெரியும்.

மனிதர்கள் நடுவில் இருக்கும்போது எனக்கு எல்லாமே அந்தத் தாள் மாதிரிதான். குரல், வாசனை, முகபாவம், விளக்கு வெளிச்சம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எதுவும் எதுவாகவும் தெரியாது. அறையில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், ஏன் சிரித்தார்கள் என்பதையும் இதேபோல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். அப்போதுதான் எனக்கு மனிதர்கள் புரிந்தார்கள். அவர்கள்மேல் பிரியம்கூட அங்கே உட்கார்ந்துதான் வந்தது. சில நாள் சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன். என் ஆயுசில் அதுவரை எனக்கு அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

இந்த நிம்மதியில்தான் ஆடு இடம் மாறியது.

ஆட்டுக்குப் பின்னால் வைக்கோல் போனது. அதற்குப் பின்னால் கயிற்றுக் கட்டில். அக்காவின் புருஷன் காற்றுக்காக என் சுவரோரம் கட்டில் போட்டு, ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பார். அவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விட்டார். ஒரு நாள் என் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டிரம் நிறையத் தண்ணீரும், ஒரு சட்டி மணலும் வந்து உட்கார்ந்தன. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று ஒரு பேச்சும் இல்லை. துணி காயப்போடும் கொடியைக்கூட அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். என் சுவரைச் சுற்றி எதுவுமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

அதோடு கேள்விகள் வேறு. வீட்டுக்கார அக்கா சாப்பிட்டீகளா என்று ஆரம்பித்து மெல்லப் பிடித்து இழுப்பார்.

"ரூமுல அடுப்பே பத்த வைக்கிறதில்லையோ?"

"இல்லக்கா. மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு வந்துருவேன். மண்ணெண்ணெய் வாடை ஆகாது."

"வெள்ளிக்கெழமைகூட வெளக்கு ஏத்தக் காணோமே?"

"திரி கருகுற வாடையும் ஆகாது."

"ஓ... வளையலு, கொலுசு ஒண்ணும் போட மாட்டீகளோ?"

"சத்தம் பிடிக்காதுக்கா."

"அந்தத் தாளெல்லாம் எதுக்குக் கொண்டாறீக?"

"பாக்க."

"பாக்கவா?"

"ஆமா, பாக்கத்தான்."

பொய் எனக்கு வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு பதிலுக்கும் அக்காவின் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியதைப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி, நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளி மையை உற்றுப் பார்த்தார். லேபிளில் பளபளவென்று அடிக்கிற மை அது, லேசில் போகாது. எனக்குத் தொட்டதே தாங்கவில்லை, கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து போனார். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

நான் அறைக்குள் உட்கார்ந்து இதையும் பிரித்துப் பார்த்தேன். அண்ணன் ஏற்பாடு செய்த உளவா? வாராவாரம் இந்த வீட்டுச் செல்போனுக்கு அவர் பேசுவது எனக்குத் தெரியும். இல்லை, ராத்திரி யாரோ ஆம்பளை வந்து போகிறான் என்று நினைக்கிறார்களா? இல்லை, என்னிடம் ஏதோ நோய் இருக்கிறது, ஆட்டுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயமா? ஜன்னல் பக்கம் ஒரு நாள் மோப்பம் பிடிப்பதுபோல் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் நாத்தனார் பெண், விறகு பொறுக்குகிறவள் போலக் குனிந்துகொண்டாள். அங்கே ஒரு சுள்ளிகூடக் கிடையாது. நானும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஆடு போனது, ரேடியோ போனது, ஆள் நடமாட்டம் போனது. என் சுவருக்கு நாலு பக்கமும் அப்படி ஒரு அமைதி. சந்தேகப்பட்டுக்கொண்டே அதை அனுபவித்தேன்.

தீபாவளி சீசன் சூடு பிடித்தபோது, வழக்கமாக ஊர் ஊராக வருகிற சோதனை எங்கள் தெருவுக்கும் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் திரி உருட்டுகிறார்களா, வெடி சுற்றுகிறார்களா என்று போலீஸும் அதிகாரிகளும் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, நான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தாள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பூட்ஸ் சத்தம். கூடவே வீட்டுக்கார அக்காவின் குரல், வழக்கத்தை விட நாலு மடங்கு சத்தமாக.

"அங்கன ஒண்ணுமில்ல சார்! பருத்திமாரு வெறகு போட்டு வச்சிருக்கோம். ஆளே கெடையாது. பாம்பு வேற அடையுது, போகாதீக!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதம் தவறாமல் வாடகை வாங்குகிறவர், ஆளே கெடையாது என்கிறாரே. எழுந்து கதவைத் திறந்தேன்.

"பருத்திமாரு இல்ல சார். நான்தான் இருக்கேன்" என்றேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

வந்தவர்கள் செருப்பை, பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, முட்டை மேல் நடப்பதுபோல் நடந்து உள்ளே வந்தார்கள். மோந்து பார்த்தார்கள். தாள்களைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் தரைதான் இருந்தது. அவர்களில் பெரியவர் ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்றார்.

"வேஸ்ட் சீட்டு சார்."

"இத வச்சு என்ன செய்றே?"

"எது முதல்ல விழுந்தது, எது பிறகு விழுந்ததுன்னு பாப்பேன்."

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

அவர் கூட வந்தவரைப் பார்த்தார். கூட வந்தவர் தன் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டினார். நான் பார்ப்பதைப் பார்த்தும் விரலை எடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் போனால் போதும் என்று இருந்தேன். பூட்ஸை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

அக்கா என் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏ புள்ள, நெசமாவே நீ வெடி சுத்தலையா? நானும் எம்புட்டோ வருசமா கம்பெனிக்குப் போறவ. வெடிமருந்துல கைய வைக்கிறவ எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? எந்நேரமும் நூல் சேல. வளையலு கெடையாது, கொலுசு கெடையாது. செல்லு கெடையாது. அடுப்பு இல்ல, வெளக்கு இல்ல. கட்டுக்கட்டா தாளு. கையில வெள்ளிப் பொடி. வேற என்னன்னு நெனைக்கச் சொல்லுத?"

அட, அதுவா! ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆடு, வைக்கோல், கட்டில், தண்ணீர், மணல் எல்லாம். நைலான் புடவை உடம்பை அறுக்கும் என்று நூல் சேலை கட்டுகிறேன். அதே நூல் சேலையைப் பொறி பறக்கக் கூடாதென்று கம்பெனியில் கட்டச் சொல்கிறார்கள். இத்தனை மாதமும் இவர்கள் ஒரு வெடிக்கிடங்கின் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

"அப்ப ஏங்க்கா என்னைக் காலி பண்ணச் சொல்லல?"

"எப்படிக் கேக்க? கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா? தெரிஞ்சே வச்சிருந்தேன்னு நானுல்ல உள்ள போணும்? வயித்துப் பொழப்பு, ஏதோ பாக்குது புள்ளன்னு விட்டுட்டேன். இனிமேயும் யாரு கண்டா? சோதன வந்துட்டுப் போன வீட்டுலதான் மருந்தே எறங்கும். மறுக்கா வர மாட்டாகள்ல!" என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிழைத்தோம் என்று நினைத்தேன். பிழைக்கவில்லை என்பது அன்று சாயங்காலமே தெரிந்தது.

முதலில் ஆடு வந்தது. அதே வேப்பமரம், அதே சுவர். வெயிலில் காய்ந்த வயிற்றெரிச்சலையெல்லாம் சேர்த்துவைத்துக் கத்தியது. அடுத்து கட்டிலும் ரேடியோவும் வந்தன. மறுநாள் தெருப் பெண்கள் 'படம் பாக்குற புள்ள'யைப் பார்க்க வந்தார்கள். கதவைத் தட்டுவதில்லை, நேராக உள்ளேதான். ஒருத்தி என் தாளில் வடகம் காயப்போடக் கேட்டாள். வாங்க போங்க எல்லாம் போய், எல்லாருக்கும் நான் 'ஏ புள்ள' ஆகிவிட்டேன். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அந்த அன்பின் மேல்தான் எனக்குப் புதிதாகச் சந்தேகம் வந்தது, இது எங்கே போய் நிற்கும் என்று.

அது நின்ற இடம் நாத்தனார். அன்று ராத்திரியே தலையணையும் போர்வையுமாக வந்து நின்றாள்.

"மதினி படுக்கச் சொன்னாக. பாவம் தனியா கெடக்கேன்னு. இனி தெனமும் தொணைக்கு நாந்தான்."

அவள் விளக்கணைத்த பிறகும் பேசினாள். தூக்கத்திலும் பேசினாள். அந்த ஒரு வாரத்தில் நான் ஒரு தாளைக்கூட விரிக்கவில்லை. பிரஸ்ஸில் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சிவப்பு விலகியிருந்தது என் கண்ணில் படாமல் போனது. முதலாளி உற்றுப் பார்த்தார். எனக்கு அழுகையாக வந்தது, மெஷினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

பொறுக்க மாட்டாமல் அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். "அக்கா, எனக்குத் தொணை வேண்டாம். தனியா இருக்கத்தான் பிடிச்சிருக்கு."

அவர் என் தலையைத் தடவினார். அது வேறு எரிந்தது.

"அப்படிச் சொல்லக் கூடாது தாயி. பொம்பளப்புள்ள, ஆளு இல்லாம ஒத்தையில உக்காந்திருந்தா மனசு ஒரு மாதிரி ஆயிரும். இத உங்க அண்ணங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிர்றேன், ஞாயித்துக்கெழம பேசுவாகள்ல."

ஒரு மாதிரி. இந்த ஊருக்கும் அந்த வார்த்தை வந்து சேர்ந்துவிட்டது. வெடி சுற்றுகிறவளை ஆட்டை மட்டும் நகர்த்திவிட்டுக் குடிவைத்துக்கொண்டார்கள். சும்மா தனியாக இருக்கிறவளை அப்படி விட அவர்களுக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பேச்சுப் போனால், அடுத்த பஸ்.

சனிக்கிழமை பிரஸ்ஸில் வெள்ளி அடிக்கிற வேலை ஓடியது. சாயங்காலம் எல்லாரும் மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையைச் சகித்துக்கொண்டு நானும் தினமும் துடைப்பவள்தான். அன்று துடைக்கவில்லை. இரண்டு கையும் முழங்கைவரை பளபளக்க, வழக்கத்தை விடப் பெரிய கட்டாகத் தாளைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

அக்கா வாசலில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் அச்சு பாதியில் நின்றது.

"கையில என்னது?"

"பிரஸ் மை அக்கா."

"மையா?"

"ஆமாக்கா, மைதான். வெள்ளி மை."

பொய் எனக்கு வராது என்று முன்பே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தாள் கட்டைப் பார்த்தார், நூல் சேலையைப் பார்த்தார். நான் சாதாரணமாக நடந்து அறைக்கு வந்து தாழ் போட்டேன். அந்த மூன்று பேருக்கும் தூக்கம் போகுமே என்று பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையைக் கழுவவில்லை. நடுத்தரையில் உட்கார்ந்து முதல் தாளை விரித்துக்கொண்டு காதைத் தீட்டிக் காத்திருந்தேன்.

நாத்தனார் வருகிற நேரமும் ஆயிற்று. வாசல் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. அதன் பின்னாலேயே, "ஏட்டி, இங்கன வா! இன்னைக்கி அங்க வேண்டாம்" என்று அக்காவின் அடிக்குரல். செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. ரேடியோ நின்றது. கட்டிலைத் தூக்கும் சத்தம்.

ஜன்னலுக்கு ரொம்பத் தள்ளி நின்றுகொண்டு அக்கா கேட்டார்.

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேங்க்கா."

அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முளையிலிருந்து ஆட்டை அவிழ்த்தார்கள்.